திங்கற வேலி

எங்க காட்டுக்கு வடக்கால இருந்த கிளுவை வேலி போன வருசம் போயிருச்சுங்க. பங்காளி அவரு பக்கம் ஜேசிபி விட்டு சுத்தம் பண்ணும்போது அதையும் சேத்துப் புடுங்கிட்டாரு. "இனி கம்பி போட்டுக்கலாம் தம்பி, பாதிப்பணம் நான் தர்றேன்"னாரு. 400 அடி நீளம். கல்கால் நட்டு முள்கம்பி இழுக்க என் பங்குக்கே 30 ஆயிரம் கணக்கு வந்துச்சு. ஒரு போகக் கடலையில எனக்கு அவ்வளவு மிஞ்சினா பெருசு. அதனால மறுபடியும் உயிர்வேலியே வைக்கறதுன்னு முடிவு பண்ணினேன்.

காங்கயம், தாராபுரம் பக்கம் வந்தவங்க கொரங்காடு பாத்திருப்பீங்க. கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலி. மாட்டை உள்ள விட்டுப் படலைச் சாத்திட்டா காவலுக்கு ஆளு வேண்டாம். கிளுவைக்கு விதைகூட வேண்டாம், போத்து வெட்டி நட்டாப் போதும்.

ஆனா டவுன்ல இருக்கற அக்கா பையன் சொன்னான்: "வெக்கறதே வெக்கறீங்க மாமா, திங்கற மாதிரி வைங்க. கொய்யா, முருங்கை, அகத்தின்னு வைக்கலாமே?"

யோசனை நல்லதுதான். ஆனா ஒண்ணு இருக்கு. மனுசன் திங்கறதை ஆடும் திங்கும். அகத்தியும் முருங்கையும் எங்க வீட்டுக்காரம்மா வளக்கற ஏழு ஆட்டுக்கு விருந்து. வேலியே பயிராயிட்டா அந்த வேலிக்கு யாரு வேலி? அதனால மொதல்ல முள்ளு, அப்பறம்தான் பழம்.

அப்படிப் பாத்தா களாதான் முன்னால வருது. கவட்டை முள்ளு, ஒடிச்சாப் பாலு. ஆடு வாய வெச்சுப் பாத்துட்டு நகந்துரும். வருசம் பூரா பச்சையா இருக்கும். காய் ஊறுகாய்க்கு, கறுத்த பழம் குழந்தைகளுக்கு. விதையைக் காயப்போட்டு வெக்காம, பழத்துல இருந்து எடுத்த கையோட போட்டு நாத்து விடணும். ரெண்டடிக்கு ஒண்ணு களா, நடுவுல கிளுவைப் போத்து. பங்காளி பக்கத்துக்கு இதுதான்.

இலந்தையும் நல்ல முள்ளுதான். ஆனா வேர்ல இருந்து கிளைச்சு அடுத்தவங்க காட்டுக்குள்ள பூந்துரும். அதனால வேண்டாம்னு விட்டுட்டேன்.

கொடுக்காப்புளிதான் ரொம்ப யோசிக்க வெச்சது. அதை வேலியாக் கத்தரிச்சுக்கிட்டே இருந்தா அடர்த்தியா வரும், ஆனா காய்க்காது. காய்க்கட்டும்னு விட்டா மரமாயிரும். வடவரப்புல மரம் நின்னா, மார்கழி தையில சூரியன் தெக்க சாயறப்ப நெழலு பூரா பங்காளி பயிர்மேல விழும். அதனால அதை மேக்கால இட்டேரி ஓரமா, 20 அடிக்கு ஒண்ணா விட்டுட்டேன். மாசி, பங்குனியில பள்ளிக்கூடத்துப் பசங்க தொரட்டியோட வருவாங்க. வரட்டும். இட்டேரிப் பழத்துக்கு யாரும் கணக்குப் பாக்கறதில்லை.

வேலி ஆள் உசரம் வந்தப்பறம் கோவை, பிரண்டை, முடக்கத்தான், தூதுவளையெல்லாம் ஏத்தலாம். நாத்துலயே கொடி ஏறுனா செடியை அமுக்கிரும். இதுல பாதி நாம நடவே வேண்டாம், குருவி எச்சத்துலயே வந்துரும்.

நட்டமும் சொல்லணும். வேலி வளந்து அகலும்ங்கறதால எல்லையில இருந்து மூணடி உள்ள தள்ளி நட்டிருக்கேன். 400 அடிக்குக் கிட்டத்தட்ட மூணு சென்ட் போச்சு. வேலி அடையற வரைக்கும் மூணு வருசமாவது வெட்டுமுள்ளு போட்டுத்தான் காக்கணும். மயிலும் அதுக்குள்ளதான் அடையும்.

நாத்து நடும்போது பங்காளி வரப்புல நின்னு பாத்தாரு. "தம்பி, இது எல்லாம் எப்பக் காய்க்கறது?"ன்னாரு. "மூணு வருசம் போகட்டுங்ண்ணா. உங்க பக்கம் தொங்கறதை நீங்க பறிச்சுக்கங்க"ன்னேன். கம்பி போட்டிருந்தா இப்படி ஒரு பேச்சுக்கு எடமே இருந்திருக்காது. அடுத்த நாள் அவரு வீட்டுல இருந்து ரெண்டு சிமெண்டுச் சாக்கு நெறையத் தொழுவுரம் வந்துச்சு, களாச் செடிக்குப் போடச் சொல்லி.