மூன்று டன் தூக்கிய அண்ணனும் ஒரு தள்ளுவண்டியும்



இன்றைக்குத் தள்ளுவண்டியைப் பற்றி எழுதப் போகிறேன். இட்லிக்கடை தள்ளுவண்டி இல்லைங்க, தொழிற்சாலைக்குள் ஓடுகிற ட்ராலி. "எழுதறதுக்கு உனக்கு வேற எதுவுமே கிடைக்கலையா?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வருவது இங்கேயே கேட்கிறது. கிடைத்ததுதான். ஆனால் மூன்றாம் ஆண்டு விடுமுறையில் பதினைந்து நாள் இன்ப்ளாண்ட் ட்ரெய்னிங் போனபோது, ஐந்து செமஸ்டரில் படித்ததை விட அதிகமாக ஒரு ட்ராலியிடம் கற்றுக்கொண்டேன். அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் பாடம். (மெக்கானிக்கல் மக்கள் இந்தப் பத்தியைத் தாவிவிடலாம்.)

'லீன்' உற்பத்தி என்றால் சுருக்கமாக இதுதான்: வாடிக்கையாளர் காசு கொடுக்கத் தயாராக இல்லாத எந்த வேலையும் வீண். அந்த வீண் வேலைகளை ஏழு வகையாகப் பட்டியல் போட்டவர் டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ. தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பது, பொருளை இங்கும் அங்கும் கொண்டு போவது, தேவையில்லாத வேலைப்பாடு, சரக்குக் குவியல், ஆள் வீணாக நடப்பது அல்லது குனிவது, பழுதான பொருள். இந்த முறைக்கு 'லீன்' என்ற பெயர் பின்னால் வந்தது. 1988-ல் ஜான் கிராஃப்சிக் எழுதிய ஒரு கட்டுரையில் அந்தச் சொல் வந்தது, 1990-ல் வெளியான 'தி மெஷின் தட் சேஞ்ச்ட் தி வேர்ல்ட்' புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டு போனது.

அந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? பொருளைக் கொண்டு போவதே வீண் வேலை. அப்படியானால் ட்ராலி என்பதே வீணைச் சுமக்கிற வண்டிதான்! ஆகவே "நல்ல ட்ராலி வாங்கலாமா?" என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, "இரண்டு மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் போட முடியாதா?" என்பது. முடிந்தால் ட்ராலியே வேண்டாம். முடியாத இடத்தில்தான் ட்ராலிக்கு வேலை.

நாங்கள் நான்கு பேர் போனது கோயம்புத்தூரில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். பம்ப்செட்டுக்கு கேசிங் கடைந்து, துளை போட்டு, அசெம்பிளிக்கு அனுப்புவார்கள். பெயர் வேண்டாம். லேத் ஒரு மூலையில், ட்ரில்லிங் மெஷின் எதிர் மூலையில். நடுவில் 35 மீட்டர். மெஷின்களை நகர்த்தலாமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டோம். "ஃபவுண்டேஷன் போட்டு உட்கார வெச்சிருக்கு தம்பி, கரண்ட் லைன் வேற மாத்தணும், இப்போதைக்கு ஆகாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

சரி, இருக்கிறதை வைத்துப் பார்ப்போம் என்று ஆரம்பித்தோம். புத்தகத்தில் 'ஸ்பாகெட்டி டயக்ராம்' என்று ஒன்று சொல்வார்கள். ஷாப் ஃப்ளோரின் படத்தை வரைந்து, ஒரு பொருள் போகிற வழியை எல்லாம் பென்சிலால் கோடு இழுப்பது. முடியும்போது தாள் நூடுல்ஸ் கொட்டியது போல இருக்கும். எங்கள் தாள் இடியாப்பம் போல இருந்தது. கோடு போடப் போட ஒரு விஷயம் புரிந்தது. நடை பெரிய பிரச்னையே இல்லை!

அப்போதைய முறை இது. லேத்தில் கடைந்த கேசிங்கை டர்னர் தரையில் அடுக்குவார். அறுபது சேர்ந்ததும் ஹெல்பர் அண்ணன் ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்து, இரும்புச் சக்கரம் வைத்த தட்டை வண்டியில் ஏற்றுவார். தள்ளிக்கொண்டு போய் ட்ரில்லிங் பக்கத்தில் மறுபடி தரையில் இறக்குவார். ட்ரில்லிங் போடுகிறவர் குனிந்து தரையிலிருந்து எடுப்பார். ஒரு நாளைக்கு 240 கேசிங், ஆகவே நான்கு நடை. போக வர 70 மீட்டர் என்றால் மொத்தம் 280 மீட்டர்தான். இதையெல்லாம் நடை என்றே சொல்ல முடியாது.

ஆனால் கணக்கை இப்படிப் போட்டுப் பாருங்கள். ஒரு கேசிங் சுமார் 6 கிலோ. ஒவ்வொன்றும் இரண்டு முறை தரையிலிருந்து தூக்கப்படுகிறது. 240 × 2 × 6 = 2,880 கிலோ. கிட்டத்தட்ட மூன்று டன்! தினமும்! இறக்கி வைப்பதைச் சேர்க்கவே இல்லை. இதில் ஒரு கிலோவுக்குக்கூட வாடிக்கையாளர் காசு தரப்போவதில்லை. ஹெல்பர் அண்ணன் மதியம் சாப்பிட உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். அதற்குக் காரணம் அந்த மூன்று டன்னில் அவர் பங்கு என்பது கணக்குப் போட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

அன்று சாயங்காலம் நான் நோட்டில் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏன் தம்பி, இதெல்லாம் அளந்து எழுதறீங்களே... புது வண்டி வந்துட்டா என்னைய வேண்டாம்னு சொல்லிப்போடுவாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. லீன் பாடப் புத்தகத்தில் இந்தக் கேள்வியும் இல்லை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

வண்டியை நாங்களே டிசைன் செய்தோம். பெரிய ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் கிடையாது. சதுரக் குழாயை வெல்டிங் வைத்து ஒரு மேஜை. கவனித்த விஷயங்கள் மட்டும் இங்கே:

1. உயரம். தட்டின் உயரம் மெஷின் டேபிள் உயரத்துக்கே இருக்க வேண்டும். கேசிங்கைத் தூக்காமல் நகர்த்தி எடுக்கலாம். குனியவே வேண்டாம்.

2. எண்ணிக்கை. ஒரே அடுக்கு, 15 குழிகள். குழி நிறைந்தால் எண்ணத் தேவையில்லை, பார்த்தாலே தெரியும்.

3. சக்கரம். சின்னச் சக்கரம் தரையில் ஒரு சுருள் கிடந்தாலே முட்டி நின்றுவிடும். பெரிய சக்கரம் ஏறிப் போய்விடும். இரும்புக்குப் பதில் பாலியூரிதேன் போட்டால் சத்தமும் குறையும். கைப்பிடி பக்கம் இரண்டு சுழலும் சக்கரம், எதிர்ப்பக்கம் இரண்டு நிலையான சக்கரம். நான்கும் சுழன்றால் வண்டி நேராகப் போகாது.

4. எடை. 15 கேசிங் 90 கிலோ. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைத் தள்ளுவதை விட, நிற்கிற வண்டியை நகர வைக்கத்தான் அதிக பலம் வேண்டும். அறுபதை ஏற்றி 360 கிலோவை முதல் உந்து உந்துவதில்தான் இடுப்பு போகிறது.

இவ்வளவும் எங்கள் மூளை. ஆனால் வண்டி ஒழுங்காக ஓடியதற்குக் காரணம் ஹெல்பர் அண்ணன் சேர்த்த ஒன்றுதான். வண்டியின் முன்பக்கம், தரைக்கு ஒரு விரல் மேலே, பழைய ரப்பர் ஷீட்டை வெட்டி ஒரு பட்டை கட்டினார். போகிற வழியில் கிடக்கும் இரும்புச் சுருளை எல்லாம் அது ஒதுக்கித் தள்ளியது. எந்தப் பாடப் புத்தகத்திலும் இது இல்லை. அந்தத் தரையில் வருடக்கணக்காக வண்டி தள்ளியவருக்குத்தான் தெரியும்.

மூன்று வண்டி செய்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். அரை மணிக்கு ஒரு நடை, ஷிப்டுக்கு 16 நடை. நிறைந்ததை விட்டுவிட்டு காலியானதை எடுத்து வர வேண்டும். நம்ம ஊர் பால்காரர் செய்வது மாதிரிதான், பாட்டிலைக் கொடுத்துவிட்டுக் காலி பாட்டிலை வாங்கிப் போவது. உலகம் முழுக்க இதற்கு 'மில்க் ரன்' என்றே பெயர். இந்தச் சுற்றைச் சுற்றுகிறவரை ஜப்பானில் 'மிசுசுமாஷி' என்பார்கள். தண்ணீர் மேல் சுற்றிச் சுற்றி ஓடுமே ஒரு கறுப்பு வண்டு, அதன் பெயர். எங்கள் அண்ணனிடம் சொன்னபோது, "வண்டு பேரா? இருக்கட்டும் இருக்கட்டும்" என்று சிரித்தார்.

இப்போது நடை 280 மீட்டரிலிருந்து 1,120 மீட்டராகிவிட்டது. நான்கு மடங்கு! ஸ்பாகெட்டி டயக்ராமை மட்டும் பார்த்தால் நாங்கள் நிலைமையைக் கெடுத்துவிட்டோம். ஆனால் முன்பு ஏற்ற, இறக்க, தள்ள என்று ஒரு நடைக்கு ஒரு மணி நேரம், நாளுக்கு நான்கு மணி நேரம். இப்போது ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம், மொத்தம் 96 நிமிடம். தூக்குகிற மூன்று டன் பூஜ்யம்.

இரண்டாம் நாள் இன்னொன்று நடந்தது. ட்ரில்லிங் போடுகிறவர் ஒரு கேசிங்கை ஜிக்கில் வைத்தார், உட்காரவில்லை. அடுத்ததும் உட்காரவில்லை. போய்ப் பார்த்தால் லேத்தில் டூல் முனை உடைந்திருந்தது. மொத்தம் 14 பீஸ் ரிஜெக்ஷன். பழைய முறையில் அறுபதும் சேர்ந்து, தரைக்குப் போய், மறுநாள்தான் தெரிந்திருக்கும். சின்ன வண்டியின் உண்மையான லாபம் இதுதான். தப்பு ஒளிந்துகொள்ள இடம் இல்லை.

மூன்றே வண்டி என்பதற்கும் காரணம் உண்டு. லேத் பக்கம் காலி வண்டி இல்லையென்றால் டர்னர் கடைவதை நிறுத்த வேண்டும். "மெஷின் சும்மா நிக்குதே!" என்று சூப்பர்வைசர் முதலில் குதித்தார். ஆனால் ட்ரில்லிங்கில் வேலை தேங்கியிருக்கும்போது இங்கே கடைந்து குவிப்பது வெறும் குவியல்தானே? அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் எடுத்த சரக்கை மட்டும் திரும்ப அடுக்குகிறார்கள் என்பதை வைத்து ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறையின் சாரமும் இதுவே. 1956-ல் அவர் நேரிலேயே போய் அந்தக் கடைகளைப் பார்த்தார். அங்கே அட்டை செய்யும் வேலையை இங்கே காலி வண்டி செய்தது.

சரி, அண்ணனின் கேள்விக்கு வருவோம்.

மிச்சமானது இரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நேரம் யாருடையது? இதைக் கேட்காமல் லீன் பேசுவது அரைப் பேச்சு என்று இப்போது நினைக்கிறேன். டொயோட்டாவே இந்தக் கேள்வியில் அடிபட்ட கம்பெனிதான். 1950-ல் பணநெருக்கடியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேற நேர்ந்தது. வேலைநிறுத்தம் வெடித்தது. கம்பெனியைத் தொடங்கிய கிச்சிரோ டொயோடா பொறுப்பேற்றுத் தலைவர் பதவியை விட்டு விலகினார். 1962-ல் நிர்வாகமும் தொழிற்சங்கமும் பரஸ்பர நம்பிக்கைக்குக் கூட்டு அறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. கான்பான் அட்டையைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படிக்கிற நாம் இந்தக் கதையைப் படிப்பதில்லை.

கடைசி நாள் ரிப்போர்ட் கொடுக்கும்போது முதலாளியிடம் நாங்களே கேட்டோம், அண்ணனும் பக்கத்தில் இருந்தார். "அவரை எதுக்கு அனுப்பறேன்? மிச்ச நேரத்துல ட்ரில்லிங் பழகட்டும். ட்ரில்லிங்காரர் லீவு போட்டா இங்க லைனே நிக்குது" என்றார் முதலாளி. அந்த வாரமே தினம் ஒரு மணி நேரம் அவர் ட்ரில்லிங் மெஷினில் நின்றார்.

நல்ல மனிதர், நல்ல பதில். ஆனால் அந்தப் பதில் ஒரு மனிதரின் மனசைப் பொறுத்து இருந்தது என்பதுதான் உறுத்துகிறது. யோசித்துப் பாருங்கள்: அளந்து முடித்ததும் ஆளை அனுப்பியிருந்தால், அடுத்த முறை நோட்டோடு வருகிறவனிடம் யாராவது வாய் திறப்பார்களா? ரப்பர் பட்டை யோசனையை யார் சொல்வார்கள்? மிச்சமாகிற நேரத்தால் யாருக்கும் வேலை போகாது என்ற வாக்கை அளப்பதற்கு முன்னாலேயே கொடுக்க வேண்டும். அது தர்மத்துக்காக மட்டும் இல்லை, அது இல்லாவிட்டால் இந்த முறையே ஓடாது. தரையைப் பற்றித் தெரிந்தவர்கள் தரையில் நிற்பவர்கள்தான்.

அடுத்த விடுமுறையில் ட்ரெய்னிங் போகிற ஜூனியர்களுக்கு ஒரு யோசனை. மெஷினோடு செல்ஃபி எடுத்தது போதும். ஒரே ஒரு பொருளைக் காலையிலிருந்து பின்தொடருங்கள். எத்தனை மீட்டர் போகிறது என்று எழுதுங்கள், எத்தனை முறை தூக்கப்படுகிறது என்று அதற்கு முன் எழுதுங்கள். தூக்குகிறவரிடம் எதற்காக எழுதுகிறீர்கள் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், அவர் கேட்கிற வரை காத்திருக்காதீர்கள். அப்புறம் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். மீதி டிசைனை அவரே சொல்லிவிடுவார்!