சடுகுடு வாத்தியார்

ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால் தென்காசியில் குடியிருப்பவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. உறவினர் அத்தனை பேருக்கும் அவன் ஞாபகம் வந்துவிடும். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்கள் துண்டோடும் எண்ணெய்ச் சீசாவோடும் ஆளுக்கொரு பிரச்னையையும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். இந்த வருஷம் என் அக்காள் கொண்டுவந்த பிரச்னை, அவள் பெற்ற பிள்ளையேதான்.

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததிலிருந்து அவன் என் வீட்டில்தான் இருந்தான். பொறியியற் கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்கும் போலிருந்தது. பையனோ மத்தளம்பாறைக்குப் போகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான்.

மத்தளம்பாறை எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் கிராமம். 1996-ல் ஆரம்பித்து இன்று உலகெங்கும் மென்பொருள் விற்கும் ஜோஹோ கம்பெனிக்கு அங்கே ஓர் அலுவலகம் உண்டு. பயிற்சிப் பள்ளியும் உண்டு. பரீட்சை வைத்து ஆள் எடுப்பார்கள். கட்டணம் இல்லை, மாதந்தோறும் உதவித்தொகை கொடுத்து இரண்டு வருஷம் கற்றுக்கொடுப்பார்கள். பாதிக் காலம் பாடம், பாதிக் காலம் கம்பெனியிலேயே வேலை பழகுதல். முடிவில் பட்டம் மட்டும் கிடையாது.

அக்காளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

"அந்தக் கம்பெனியை ஆரம்பிச்சவரு பெரிய படிப்பு படிச்சவருன்னு சொல்லுதாக?"

"ஆமாக்கா. ஸ்ரீதர் வேம்பு. சென்னை ஐ.ஐ.டி.யில் படிச்சு, அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் வாங்கினவர்."

"பாத்தியா! அவுக வாங்கிட்டாக. எம் புள்ளை வாங்க வேண்டாமா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. பட்டம் வாங்காத தாய்மாமன் பட்டம் வேண்டாம் என்று சொன்னால் அதில் நியாயம் எது, வயிற்றெரிச்சல் எது என்று யார் கண்டது? யோசித்துச் சொல்கிறேன் என்று நழுவினேன்.

அன்று மாலை பையனைத் தேடிக்கொண்டு சடுகுடு மைதானத்துக்குப் போனேன். கணுக்காலைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான். பாடி வந்தவன் உதறிவிட்டு ஓடிப்போனான். வாத்தியார் ஏசவில்லை. "நீ அவன் மூஞ்சியைப் பாக்குதே. இடுப்பைப் பாரு. மறுபடி" என்றார். மறுபடி தவறியது. "இப்ப இடுப்பைப் பாத்தே. கால் பின்தங்கிட்டு. மறுபடி." பத்துத் தடவைக்கு மேல் நடந்தது. கடைசியில் பிடித்துவிட்டான். அப்போதும் பாராட்டு இல்லை. "அதேதான். இன்னொண்ணு" என்றார்.

அமெரிக்காவில் ஜான் வுடன் என்று ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர் இருந்தார். 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு வருஷத்தில் பத்துத் தடவை தம் கல்லூரி அணியைத் தேசிய வெற்றி பெறச் செய்தவர். அவருடைய கடைசிப் பருவத்தில் உளவியலறிஞர் இருவர் மைதானத்தோரம் உட்கார்ந்து, அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் வகைப்படுத்திக் குறித்தார்கள். 2,326 குறிப்புகள்! அவற்றில் முக்கால்வாசி, எதைச் செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும் என்ற விவரந்தான். பாராட்டு நூற்றுக்கு ஏழுகூட இல்லை. எங்கள் ஊர் வாத்தியார் வுடனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனால் செய்தது அதையேதான்.

எனக்குத் தெரிந்த பொறியியல் பட்டதாரி ஒருவன் சொன்னது ஞாபகம் வந்தது. "ரெக்கார்டு நோட்டு பூராவும் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினேன் சார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க. புரோகிராம் ஓடாமல் நின்றால் ஏன் நிற்குதுன்னு நாலு வருஷத்தில் ஒருத்தர்கூடப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை." அவன் மக்கு அல்ல. அவன் தவறுகிற நேரத்தில் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்துப் பரீட்சைத் தாளில் விழும் சிவப்பு மை, நழுவிப்போன கணுக்காலை எப்படித் திரும்பக் கொண்டுவரும்?

ஆனால் அக்காள் பயத்தையும் தள்ளிவிட முடியாது. சடுகுடுக்காரனுக்கு முழங்கால் போனால் ஆட்டம் போயிற்று. ஒரு கம்பெனியின் வேலையை மட்டும் பழகியவனுக்கு அந்த வேலை மாறிப்போனால் என்ன கதி? நல்ல வாத்தியார் பிடியை மட்டும் சொல்லித்தரமாட்டார், மூச்சையும் வளர்த்துவிடுவார். பொறியியலில் அந்த மூச்சு கணிதம். அதைக் கைவிட்ட பயிற்சி, பட்டம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நொண்டிதான்.

திரும்பி வரும்போது பையனிடம் கேட்டேன்: "அங்கே பிடிக்கலேன்னா என்னலே செய்வே?"

"தபாலில் பட்டம் படிச்சுக்கிடுவேன் மாமா. ஆனா தப்புப் பண்ணினா உடனே சொல்லுத ஆள் தபாலில் வருவாகளா?"

அக்காளிடம் அதை அப்படியே ஒப்பித்தேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போகையில, என்ன படிச்சிருக்கான்னு கேட்டா நீதான் பதில் சொல்லணும்" என்றாள்.

சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஏழெட்டு வருஷம் இருக்கிறது. அதற்குள் ஒரு நல்ல பதில் தயார் செய்துகொள்ள வேண்டும்.