வாவ் நகரத்து அகதியும் நம் ஊர் மைதானமும்



இராஜபாளையம் மில்களுக்கும் வேட்டை நாய்களுக்கும் மட்டும் பெயர்பெற்ற ஊர் அன்று, கூடைப்பந்துக்கும் பெயர்பெற்றது. இங்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம்மிடம் ஓதும் பிள்ளைகள், அஸ்ர் முடிந்ததும் மைதானத்துக்கு ஓடுவதை நாம் தடுப்பதில்லை. அவர்கள் வாயில் அடிபடும் பெயர்களெல்லாம் அமெரிக்க ஆட்டக்காரர்களுடையவை. ஆயினும் லுவோல் டெங் என்ற பெயரை நாம் சொன்னபோது ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

டெங் 1985 ஏப்ரல் 16 அன்று, அன்றைய சூடானின் தென்பகுதியிலுள்ள வாவ் நகரில், டிங்கா இனத்தில் பிறந்தவர். தந்தை ஆல்டோ டெங் சூடான் அரசில் அமைச்சராக இருந்தவர். 1983இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2005 வரை நீடித்து, ஏறத்தாழ 20 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அமைச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஓடவேண்டியதாயிற்று. குடும்பம் எகிப்தில் தஞ்சம் புகுந்தது.

“அவர் முஸ்லிமா, ஹஜ்ரத்?” என்று ஒரு மாணவர் கேட்டார். இல்லை, கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர் என்றோம். அவர் முகத்தில் ஆர்வம் சற்றுக் குறைந்ததைக் கண்டோம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

கசப்பான ஒன்றையும் பிள்ளைகளிடம் மறைக்கலாகாது. 1983 செப்டம்பரில் கார்த்தூம் அரசு ஷரீஅத் சட்டங்களை நாடு முழுமைக்கும் அறிவித்தது. தென்பகுதி மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். போருக்கு எண்ணெய் வளம், அதிகாரப் பங்கீடு என வேறு காரணங்களும் இருந்தன என்பது உண்மை. ஆனால் மார்க்கத்தின் பெயரும் அதற்குள் இழுக்கப்பட்டது. மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை என்பதை அல்பகரா அத்தியாயத்தில் ஓதிக் கொடுக்கும் நமக்கு, இது கூச்சத்தைத் தரவேண்டிய வரலாறு. தெற்கு சூடானின் கிழக்கு எல்லையில் இருப்பது எத்தியோப்பியா, நம் நூல்கள் ஹபஷா என்று கூறும் நாடு. மக்காவின் கொடுமைக்குத் தப்பிய முதல் முஸ்லிம்கள், கி.பி. 615இல் அகதிகளாய்ச் சென்றது அங்கேதான். அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி கிறிஸ்தவ மன்னர். இதைச் சொன்னபின் அந்த மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இனி டெங்கின் கதை. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் அவருக்குக் கிடைத்த ஆசான் மனூட் போல். அவரும் டிங்கா, 7 அடி 7 அங்குல உயரம், அமெரிக்காவின் என்.பி.ஏ. போட்டிகளில் ஆடியவர். தாம் ஈட்டியதில் பெரும்பகுதியைச் சூடான் அகதிகளுக்கே செலவிட்டார். இஸ்லாத்தைத் தழுவினால் அமைச்சர் பதவி என்று சூடான் அரசு சொன்னபோது அவர் மறுத்தார் என்பார்கள். ஈமானைப் பதவிக்கு விலையாக வைத்தவர்களைவிட, மறுத்தவரே அதன் மதிப்பை அறிந்திருந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. போல் முதலில் டெங்கின் அண்ணனுக்கு ஆட்டம் கற்றுத் தந்தார், பிறகு தம்பிக்கும்.

பிரிட்டன் அரசியல் அடைக்கலம் தந்ததும் குடும்பம் தென் இலண்டனில் குடியேறியது. பிரிக்ஸ்டன் டாப்கேட்ஸ் என்னும் சங்கத்தில் ஜிம்மி ரோஜர்ஸ் என்ற பயிற்சியாளர், வசதியற்ற பிள்ளைகளைச் சேர்த்துப் பழக்கிக்கொண்டிருந்தார். அங்கே தேறிய டெங் 14 வயதில் அமெரிக்கப் பள்ளி ஒன்றுக்குச் சென்றார்; பிறகு டியூக் பல்கலைக்கழகம்; 2004இல் என்.பி.ஏ. வீரர் தேர்வில் 7ஆம் இடம். சிகாகோ புல்ஸ் அணியில் ஏறத்தாழ பத்து ஆண்டுகள். 2012, 2013 ஆகிய இரு ஆண்டுகளிலும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். 48 நிமிட ஆட்டத்தில் சராசரியாக 38 நிமிடங்களுக்கு மேல் களத்தில் நின்று, தொடர்ந்து இரு பருவங்களில் அனைவரையும் முந்தினார். 2007இல் நன்னடத்தைக்கான விருதையும் பெற்றார். நம் கண்ணுக்கு இதுவே பெரிது.

2019இல் ஓய்வுபெற்றவர் தெற்கு சூடான் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். 2011இல்தான் பிறந்த நாடு; அப்போது உள்ளரங்கக் கூடைப்பந்து மைதானம் ஒன்றுகூட இருக்கவில்லை. உலகெங்கும் சிதறியிருந்த அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்தார். பயிற்சிக்கூட வாடகை, விமானச் சீட்டு, தங்குமிடம் என்று சொந்தப் பணத்தைச் செலவிட்டார். 2024 ஜூலையில் இலண்டனில் நடந்த நட்பு ஆட்டத்தில் அமெரிக்காவிடம் அந்த அணி 100–101 என ஒரே புள்ளியில் தோற்றது. அடுத்த வாரமே பாரிஸ் ஒலிம்பிக்கில் புவேர்ட்டோ ரிக்கோவை 90–79 என வென்றது. அந்த ஆட்டத்தின் தொடக்கத்தில் தவறுதலாகச் சூடானின் தேசிய கீதம் ஒலித்தது. எந்த நாட்டிலிருந்து ஓடினார்களோ, அந்த நாட்டின் கீதம்! வீரர்கள் நெஞ்சில் கைவைத்துப் பொறுமையாக நின்றார்கள்.

நம் இரு ஊர்களுக்கும் அருகே மொட்டமலையில் இலங்கைத் தமிழர் முகாம் இருப்பது நமக்கெல்லாம் தெரியும். 2021இல் தமிழக அரசு ‘அகதிகள்’ என்ற சொல்லை நீக்கி ‘மறுவாழ்வு முகாம்’ என்றாக்கியது, நல்ல செயல். ஆனால் 1987 ஜூலை 1க்குப் பின் இந்நாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை வேண்டுமானால், பெற்றோரில் ஒருவரேனும் இந்தியக் குடிமக்களாக இருக்கவேண்டும். முகாமிலேயே பிறந்து, இங்கேயே படித்து, நம் பிள்ளைகளைவிட நன்றாகப் பந்தைக் கூடையில் இடும் பையனுக்கும் அது கிடைப்பதில்லை. இந்திய அணிச் சட்டையை அணிய இந்தியக் கடவுச்சீட்டு வேண்டும். டெங்குக்கு 2006இல் பிரிட்டன் குடியுரிமை கிடைத்தது; 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் அந்நாட்டு அணிக்காக ஆடினார்.

கடவுச்சீட்டு தருவது நம் கையில் இல்லை. முகாமுக்கும் மைதானத்துக்கும் இடையே பேருந்துக் கட்டணமும் ஒரு சோடிக் காலணியும் நம் கையில் உண்டு. இவ்வாண்டு ஸதகா நிதியில் அதற்கென ஒரு பகுதியை ஒதுக்கலாமா என்று ஜமாஅத் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறோம். சேர வேண்டிய பிள்ளைகளின் மதம் என்ன என்று அவர்களில் ஒருவரும் இதுவரை கேட்கவில்லை.