சொட்டும் குழாயும் சொந்த வீடும்

பூண்டுலோயாவில் நீருக்குப் பஞ்சம் என்று சொன்னால் கேட்பவர் நகைப்பர். ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. சிங்களத்தில் ‘ஓயா’ என்றால் சிற்றாறு. தமிழிலோ அச்சொல் ‘ஓய்தல் இல்லாத’ என்று பொருள்படும். இரு மொழிகளும் கூடிப் பேசி வைத்த பெயரோ என்று நாம் வியப்பதுண்டு. டன்சினன் மலைச் சரிவில், வெள்ளை வேட்டியை உதறிப் போட்டாற்போல அருவி விழுகிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஒவ்வொரு கானும் ஓர் ஓடையாகிறது. எல்லாம் கொத்மலை ஓயாவிற் கலந்து மகாவலியாய்ப் பெருகிக் கடல் நோக்கிச் செல்கின்றன.

ஆயினும் வெளியே ஓடும் நீர் வேறு. வீட்டிற்குள் வரும் நீர் வேறு. குழாயைத் திறந்தால் வரவேண்டும், மூடினால் நிற்கவேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் குடும்பத்தின் ஒரு நாள் தடுமாறிப் போகிறது. அத்தடுமாற்றத்தைத் தீர்ப்பது யார் கடமை என்பதே இங்கு நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

எம் பெற்றோர் காலத்து லயங்களில் குழாய் என்பது வீட்டிற்குள் இருக்கும் பொருளன்று. மலையூற்றிலிருந்து பிளந்த மூங்கில் வழியாகவோ, வளைத்த தகரத்தின் வழியாகவோ நீரைக் கொண்டுவந்து கொட்டச் செய்வர். அதற்குப் பீலி என்று பெயர். குளிப்பது, துவைப்பது, குடிநீர் எடுப்பது, ஊர்க்கதை பேசுவது யாவும் பீலிக்கரையிலேதான். பின்னர் பல லயங்களுக்கு இரும்புக் குழாய் வந்தது. வரிசையாய் வாழ்ந்த அத்தனை குடும்பங்களுக்கும் பொதுவில் ஒன்றோ இரண்டோ குழாய்கள் இருந்தன. அது உடைந்தால் முதலிற் கங்காணியிடம் சொல்லவேண்டும். அவர் அலுவலகத்திற் சொல்வார். தோட்டத்துக் குழாய் வேலைக்காரர் தமக்கு ஒழிந்த நாளில் வருவார். லயத்திலுள்ள ஒருவர் தாமே ஸ்பேனரைக் கையில் எடுத்தால், “தோட்டத்துச் சொத்தில் ஏன் கைவைக்கிறாய்?” என்ற அதட்டல்தான் கிடைக்கும். அதுவரை பெண்கள் குடத்துடன் பீலிக்கு நடந்தனர். பகலெல்லாம் கொழுந்துக் கூடையைச் சுமந்த உடம்பே மாலையில் நீர்க்குடத்தையும் சுமந்தது. இன்றும் லயங்களில் வாழ்வோர் பலர். அவர்கள் துன்பம் முற்றும் தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை.

ஆனால் ஒரு மாறுதல் தொடங்கியிருக்கிறது. 2018 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12 ஆம் திகதி, எம் ஊரை அடுத்த டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 404 வீடுகள் மக்களிடம் கையளிக்கப்பட்டன. ஏழு பேர்ச்சஸ் காணியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. எம் வீடு அவற்றுள் ஒன்றன்று. எனினும் அதே காலத்தில் லயத்தை விட்டுத் தனி வீட்டுக்கு வந்தவர்கள் நாம். சொந்த வீடு வந்தபோது குசினிக்குள் குழாய் வந்தது, கூரையருகே தாங்கி வந்தது, சுவரோரம் வால்வு வந்தது. அதட்டுவோரும் இல்லை; வந்து திருத்துவோரும் இல்லை. குழாய் இப்போது எமது சொத்து. ஆகவே அது சொட்டினால் சொட்டுவதும் எமதே!

பிளம்பர் என்னும் ஆங்கிலச் சொல், ஈயத்தைக் குறிக்கும் ‘பிளம்பம்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. உரோமர் ஈயக் குழாய்களில் நீர் கொண்டுசென்ற காலத்தின் எச்சம் அது. அப்பெயருடைய தொழிலாளரை நகரிலிருந்து அழைத்தால், அவர் பயணத்துக்கும் கூலிக்கும் கொடுப்பது சில நாட் கொழுந்துச் சம்பளத்தை விழுங்கிவிடும். அவர் வந்து செய்யும் வேலையோ பல வேளைகளில் ஒரு நாணயத்திலும் சிறிய ரப்பர் வில்லையை மாற்றுவதுதான்.

அவ்வில்லைக்கு வாஷர் என்று பெயர். திருகி மூடும் குழாயை இங்கிலாந்தின் ரொதர்ஹாம் நகரத்து கெஸ்ட் அன்ட் கிரைம்ஸ் என்னும் பித்தளை வார்ப்பு நிறுவனத்தார் 1845 ஆம் ஆண்டிற் செய்து பரப்பினர். அன்றிலிருந்து இன்றுவரை அதன் சூட்சுமம் மாறவில்லை. கைப்பிடியைத் திருகினால் உள்ளிருக்கும் தண்டு இறங்குகிறது. அதன் நுனியிலுள்ள வாஷர், நீர் வரும் துவாரத்தின் விளிம்பில் அமர்ந்து அதனை அடைக்கிறது. வாஷர் தேய்ந்தால் நீர் சொட்டுகிறது. இவ்வளவே இரகசியம்.

இதனை மாற்றும் முறையைக் கூறுவோம். முதலில் வீட்டுக்கு வரும் நீரை வால்வில் மூடுக. வால்வு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள சிறுவரும் அறிந்திருக்க வேண்டும். மாதம் ஒருமுறை திருகிப் பாராவிட்டால் தேவைப்படும் நாளில் அது அசையாது. பின்னர் குழாயைத் திறந்து மீதி நீரை வடியவிடுக. கழுவு தொட்டியின் துவாரத்தை ஒரு துணியால் அடைத்துக்கொள்க. கழன்ற ஆணி ஒன்று உள்ளே விழுந்தால் ஒரு வேலை இரு வேலையாகிவிடும். ஸ்பேனரால் குழாயின் தலைப்பகுதியை இடப்பக்கமாகத் திருகினால் அது கழன்று வரும். நுனியிலுள்ள பழைய வாஷரைக் கடைக்கே கொண்டுசென்று காட்டி, அதே அளவில் வாங்குக. புதியதைப் பொருத்துமுன், அது அமரும் விளிம்பை விரல்நுனியால் தடவிப் பார்க்கவேண்டும். அங்கே பள்ளம் விழுந்திருப்பின் எத்தனை வாஷர் மாற்றினும் பயனில்லை. குழாயையே மாற்றுவது நன்று. இப்பொழுது பரவிவரும் கால் திருப்பில் திறக்கும் குழாய்கள் சிலவற்றில் ரப்பர் வாஷருக்குப் பதிலாகப் பீங்கான் தட்டுகள் இருக்கும். அவற்றின் உட்பகுதியை முழுதாக மாற்றவேண்டும்.

சொட்டும் குழாயைப் பலங்கொண்ட மட்டும் இறுக்குவது பலர் வழக்கம். அஃது அன்று நின்றாற்போலத் தோன்றும். ஆனால் வாஷர் நசுங்கி, அடுத்த வாரம் முன்னிலும் வேகமாய்ச் சொட்டும்.

ஒரு சொட்டுத்தானே என்பார்க்கு ஒரு கணக்கு உண்டு. ஏறத்தாழ இருபது சொட்டுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர். நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள். அஃதாவது நாலு லீற்றருக்கு மேல். மாதத்தில் நூற்று முப்பது லீற்றர் அளவில் வரும். மாசி, பங்குனியில் ஊற்றுச் சுருங்கும்போது அந்த நீரின் அருமை தெரியும்.

அடுத்தது பிளாஸ்டிக் குழாய். எம் பகுதியிற் காணும் முறை ஒன்று, உடைந்த குழாயின் முனையை நெருப்பிற் காட்டி விரித்து, மற்றொன்றை அதனுள் சொருகுவது. சூடுபட்ட இடம் மெலிந்துவிடுகிறது. நீரின் வேகம் கூடும் நாளில் அங்கேதான் வெடிக்கும். இன்னொன்று, கசியும் இடத்தில் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றுவது. இரவு நேர அவசரத்துக்கு அது போதும், நிரந்தர மருந்தன்று. நீர் வெளியேறும் ஓட்டை, குழாயில் நீர் நின்றுபோகும் வேளையில் வெளிச் சேற்றை உள்ளே இழுக்கும் வாயாகவும் மாறும். நாம் இழப்பது நீரை மட்டுமன்று. அழுக்கையும் விலைகொடாமல் வாங்குகிறோம்.

நேர்வழி கடினமானதன்று. பழுதுற்ற பகுதியை வாளால் நேராக வெட்டுக. முனையிலுள்ள பிசிறைச் சுரண்டுக. ஈரமும் மண்ணும் போகத் துடைக்குக. குழாயின் வெளிப்புறத்திலும் சொக்கட்டின் உட்புறத்திலும் ஒட்டும் பசையை மெல்லியதாகப் பூசி, உள்ளே செலுத்திக் கால் திருப்புத் திருப்பி, அரை நிமிடம் அசையாமற் பிடித்துக்கொள்க. எம் மலைக் குளிரிலும் ஈரத்திலும் பசை மெதுவாகவே இறுகும்; ஒரு நாள் பொறுத்து நீர் விடுவது உத்தமம். மரை உள்ள இணைப்புகளுக்குப் பசை வேண்டா. முனையைத் தம் பக்கம் பார்க்க வைத்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் மெல்லிய வெள்ளை நாடாவைச் சில சுற்றுச் சுற்றினால் போதும். வெயிலிற் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் காலப்போக்கில் நொறுங்கும். ஆகவே அதனைப் புதைத்துவிட வேண்டும். புதைத்த தடத்தில் அங்கங்கே கல் நட்டு வைத்தால், மரக்கறிப் பாத்தி கொத்துவோரின் மண்வெட்டிக்கு அது தப்பும்.

சமவெளி வீட்டாருக்கு இல்லாத ஒரு தொல்லை மலைநாட்டாருக்கு உண்டு. நீர் ஒவ்வொரு பத்து மீற்றர் கீழிறங்கும்போதும், குழாய்க்குள் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம் அழுத்தம் கூடுகிறது. ஊற்று அறுபது மீற்றர் உயரத்தில் இருந்தால், குழாயை மூடி வைத்திருக்கும் இரவு நேரத்தில் அழுத்தம் ஆறு மடங்கு. இத்தனை அழுத்தத்தைத் தாங்கும் குழாய்தானா என்று அதன்மேல் அச்சிட்ட எண்ணைப் பார்த்து வாங்கவேண்டும். மிகச் செங்குத்தான இடங்களில், இடையே ஒரு சிறு திறந்த தொட்டியில் நீரை விழச்செய்து மீண்டும் குழாயில் விடுவர். வேகம் அங்கே அடங்கிவிடும். இலங்கையின் பண்டைக் குளங்களில் மதகை ஒட்டி ‘பிசோகொட்டுவ’ என்னும் சதுரக் கிணறு இருப்பதைப் பலர் அறிவர். குளத்து நீரின் வேகத்தை ஆண்டு, வேண்டிய அளவே வெளியே விட அதனை அமைத்தனர். நீரை எதிர்த்துப் போராடாமல் இளைப்பாற விட்டு அழைத்துச் செல்லும் அறிவு இத்தீவுக்குப் புதிதன்று.

அழுத்தம் போலவே காற்றும் குழாய்க்குள் வித்தை காட்டும். அதனால் விளைந்த பூசல் ஒன்றை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. எம் குடியிருப்பில் இரண்டு வரிசை வீடுகள். மலையிலிருந்து வரும் குழாய் முதல் வரிசைக்குக் கிளை விட்டு, ஒரு சிறு மேட்டைக் கடந்து எம் வரிசைக்கு வருகிறது. ஓராண்டு மழையில் மண் சரிந்து குழாய் உடைந்தது. திருத்திய மறுநாள் முதல் வரிசையில் நீர் தாராளமாய் ஓடிற்று. எம் வரிசையில் ஒரு சொட்டும் இல்லை. முதல் நாள் முணுமுணுப்பு. இரண்டாம் நாள், “யாரோ இரகசியமாய் வால்வு வைத்து அடைத்துவிட்டார்கள்” என்ற பேச்சு. மூன்றாம் நாள் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பொலிசுக்குப் போவதென்று இளைஞர் சிலர் சட்டையையும் மாட்டிவிட்டனர்.

தோட்டத்துக் குழாய் வேலையில் முதுமை எய்திய மாமா ஒருவர் எம் உறவில் உண்டு. அவர் இளைஞரைத் தடுத்து, “தம்பி, பொலிசு எங்கேயும் ஓடிவிடாது. முதலில் குழாயைப் பார்ப்போம், வாருங்கள்” என்றார். குழாய் சென்ற வழியே நடந்து, மேட்டின் உச்சிக்கு வந்ததும் நின்றார். அங்கிருந்த இணைப்பை ஸ்பேனரால் சற்றே நெகிழ்த்தினார். ‘உஸ்’ என்று நெடுநேரம் காற்று சீறிற்று. பிறகு காற்றும் நீருமாய்த் துப்பிற்று. பிறகு நீராகவே வந்தது. வெறுமையான குழாயில் நீரை விட்டபோது உள்ளே இருந்த காற்று மேட்டின் முதுகில் திரண்டு அடைத்துக்கொண்டது. ஊற்றின் உயரம் அதனைத் தள்ளப் போதவில்லை. திருடனும் இல்லை, திருட்டும் இல்லை!

“குற்றவாளியைப் பிடித்துவிட்டோம், அவனுக்கு உருவமில்லை” என்று மாமா சொன்னதும் இரு வரிசையாரும் சிரித்தனர். அன்றே அவ்விடத்தில், காற்றை வெளியே விடுவதற்கென ஒரு சிறு குழாயைப் பொருத்தினர். மாமா சற்று அறியாதிருந்தால் அப்பூசல் எத்தனை தலைமுறைக்கு நீண்டிருக்குமோ, நாம் அறியோம்.

வீட்டார் தாமே செய்யத்தக்கவற்றுக்கும் எல்லை உண்டு. மின்சாரத்தால் நீர் சுடவைக்கும் கருவியைக் கற்றவரே தொடவேண்டும். பொதுக் குழாயை ஒருவர் தம் விருப்பத்துக்கு வெட்டலாகாது. வீட்டு வால்வுக்கு மேலே உள்ள யாவும் அனைவர்க்கும் உரியன. அனைவரும் கூடியே பேணவேண்டும். ஊற்றைச் சுற்றி மரங்களைக் காப்பது, மேலே மாடு கட்டாமலும் மருந்து தெளிக்காமலும் பார்ப்பது, தொட்டியை முறைவைத்துக் கழுவி மூடுவது, குழாய் தாழ்ந்து செல்லும் இடத்தில் தேங்கும் வண்டலைத் திறந்து விடுவது ஆகியவை ஒருவர் வேலையல்ல. இத்தனையும் செய்தபின்னும் குடிநீரைக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும். தெளிந்த ஊற்று நீரிலும் நெருப்புக் காய்ச்சலும் செங்கண்மாரியும் கண்ணுக்குத் தெரியாமல் வரும்.

இறுதியாக ஒன்று. மேற்சொன்னவற்றை ஆண்கள் மட்டும் கற்றால் பாதிப் பயனே உண்டு. குழாய் நின்றுபோனால் முதலில் வருந்துவது யார் இடுப்பு என்பதை மலைநாட்டில் எவரும் கேட்க வேண்டியதில்லை. ஆதலால் எம் வீட்டில் ஸ்பேனரும் வாஷரும் வெள்ளை நாடாவும் குசினித் தட்டிலேயே இருக்கின்றன. எம் மகள் பன்னிரண்டு வயதில் முதல் வாஷரை மாற்றினாள். இன்று அயல் வீட்டாரும் அவளை அழைக்கின்றனர். லயத்துக் குழாயைத் தொட அஞ்சிய பாட்டியின் பேத்தி, தன் வீட்டுக் குழாயைத் தானே திருத்துகிறாள். வீட்டுப் பத்திரத்தில் எவர் பெயர் இருப்பினும், வீட்டை உண்மையில் ஆளும் கை அதுவே என்று நாம் கருதுகிறோம்.