விருந்தாளிக்குக் கொடுக்கும் சீனி



கடந்த வாரம் கணிதப் பாடத்துக்கு வெற்றுக் குளிர்பானப் போத்தல்களைக் கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். ஒன்றின் லேபலில் 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி. போத்தல் 400 மில்லிலீற்றர். பெருக்கிப் பார்த்தார்கள்: 40 கிராம். ஒரு தேக்கரண்டி 4 கிராம் என்றால் 10 கரண்டி. அவ்வளவையும் ஒரு கிளாசில் அள்ளிப் போட்டதும் வகுப்பே அமைதியாகிவிட்டது.

2016 இல் நம் நாட்டில் வந்த வர்ண அடையாளத்தின்படி 11 கிராமுக்கு மேல்தான் சிவப்பு. இதற்குச் செம்மஞ்சள். சிவப்பு இல்லையே என்று நாமும் வாங்கியிருக்கிறோம். உலக சுகாதார ஸ்தாபனமோ சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது 6 கரண்டிக்குள் இருந்தால் நல்லது என்கிறது.

அப்போது ஒரு மகள் எழும்பிச் சொன்னாள்: "வாப்பாவுக்கு சீனி வருத்தம். ஆனா விருந்தாளி வந்தா அவரும் சேர்ந்து ஒரு கிளாஸ் குடிப்பார்."

எங்களுக்குப் பதில் வரவில்லை. எங்கள் உம்மாவும் அப்படித்தான். பிளேன்டீயில் சீனி குறைந்தால் வந்தவர் குறையாக நினைப்பாரே என்ற பயம். இரண்டு கரண்டி வீதம் மூன்று பிளேன்டீ குடித்தாலே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது.

இப்போது எங்கள் வீட்டில் இஞ்சியும் கறுவாவும் போட்ட பிளேன்டீ. சீனி தனிக் கிண்ணத்தில். வேண்டியவர் போட்டுக்கொள்வார். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. உம்மாவும் சீனியில்லாமல் குடிக்கப் பழகிவிட்டா.

கறுவாவும் கராம்பும் விளையும் மாத்தளையில் இருந்துகொண்டு, விருந்தோம்பலைச் சீனியால் மட்டும் ஏன் அளக்கிறோம்? சிந்திப்போம்.