உம்மாவின் நோயை மறைக்காமல் ஒரு காப்பீடு



முதுமையடைந்த பெற்றோருக்குப் பணிவிடை செய்வது பற்றி மதரஸாவில் பாடம் நடத்துவது எளிது. அந்தப் பணிவிடை இன்று மருத்துவமனைக் கட்டணமாகவும் நம்முன் வந்து நிற்கிறது. என் தாயாருக்கு வயது 68. நீண்டகாலச் சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், இதயக் குழாயில் ஒரு ஸ்டென்ட். அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு தேடிய அனுபவத்தை, இதே நிலையில் உள்ள குடும்பங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அரசுத் திட்டங்களை விசாரித்தேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தம்பியின் சம்பளமும் சேர்வதால் நாங்கள் அந்த வரம்பைத் தாண்டிவிட்டோம். 70 வயது நிறைந்தோருக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அளிக்கும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கப்பட்டது. உம்மாவுக்கு அந்த வயது வர இன்னும் ஈராண்டுகள் உள்ளன. எஞ்சியது தனியார் காப்பீடு மட்டுமே.

இது மார்க்கத்தில் ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, வணிகக் காப்பீடு ஆகாது என்றும் கூட்டுறவு முறையிலான காப்பீடு ஆகும் என்றும் தீர்மானித்தது. நம் ஊரில் தகாஃபுல் வாங்க வழியில்லை. என் உஸ்தாதிடம் நிலைமையை விளக்கினேன். தேவையின் அளவோடு நிறுத்திக்கொள்ளுமாறு கூறினார்கள். உங்கள் நிலைமையை நீங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த முகவர், படிவத்தில் ஸ்டென்ட் பற்றி எழுத வேண்டாம் என்றார். எழுதினால் நிராகரிப்பார்கள், எழுதாவிட்டால் எவரும் துருவமாட்டார்கள் என்பது அவர் வாதம். உள்ளறையிலிருந்து உம்மா கேட்டார்கள்: “பொய்யைத் தலைமாட்டில வச்சுக்கிட்டு நான் எப்படி வாப்பா மவுத்தாகுறது?”

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்து ஈரத்தைக் கண்டுபிடித்த ஹதீஸை நாம் அறிவோம். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்டார்கள். காப்பீட்டுப் படிவமும் அத்தகைய குவியல்தான். இங்கே ஈரத்தை மேலே வைக்க வேண்டியவர்கள் நாம்.

உலக நடைமுறையிலும் அதுவே பாதுகாப்பு. நோயை மறைத்தது தெரியவந்தால், பணம் தேவைப்படும் நேரத்திலேயே கோரிக்கை நிராகரிக்கப்படலாம். இடைவிடாமல் 60 மாதங்கள் பாலிசி நடந்துவிட்டால் பழைய தகவல்களைக் காட்டி நிறுவனம் மறுக்க இயலாது. ஆனால் மோசடி நிரூபிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

2024 ஏப்ரல் முதல் விதிகள் சற்று இளகியுள்ளன. 65 வயதுக்குமேல் புதிய பாலிசி இல்லை என்ற வரம்பு நீங்கியது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 48 மாதங்களிலிருந்து அதிகபட்சம் 36 மாதங்களாகக் குறைந்தது. எனினும் உண்மையை எழுதியதால் ஒரு நிறுவனம் மறுத்துவிட்டது. மற்றொன்று கூடுதல் பிரீமியத்துடன் ஏற்றது. ஒவ்வொரு கட்டணத்திலும் 20 சதவீதம் எங்கள் பொறுப்பு. இதய நோய்க்கு மூன்றாண்டுக் காத்திருப்பு. கையெழுத்திடுமுன் இவ்விரண்டையும் கேட்டறியுங்கள். பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்காவிட்டால் 30 நாள்களுக்குள் திருப்பியளிக்கலாம்.

அந்த மூன்றாண்டு இடைவெளிக்காக, உடன்பிறந்தோர் மூவரும் மாதம் ஆளுக்கு 1,500 ரூபாய் தனியே சேர்த்து வருகிறோம். ஒரு மஹல்லா ஜமாஅத்தே இப்படிப் பொதுநிதி திரட்டினால் எத்தனை முதியவர்களின் கவலை தீரும்!

உண்மையைச் சொன்னதால் செலவு கூடியது. உம்மாவின் உறக்கம் கெடவில்லை. அல்லாஹ் நம் பெற்றோருக்கு ஆஃபியத்தையும் நமக்கு அவர்களின் துஆவையும் தந்தருள்வானாக. ஆமீன்.