கயிற்றின் மறுமுனை

நுழையும்முன்

இறந்தாரை நினைந்து இரங்குவதும் அவர்க்குக் கல் நட்டுப் போற்றுவதும் தமிழரின் தொன்மையான வழக்கங்கள். மலையேறுவோரிடையேயும் அத்தகைய வழக்கங்கள் உண்டு. வடபெண்ணை ஆற்றங்கரைப் பகுதியில் பிறந்து, உலகின் உயர்ந்த சிகரங்களைத் தொட்ட ஒருவரின் மறைவை முன்வைத்து, நினைவுகூர்தல் என்பது உண்மையில் யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நந்திமலை தந்த இரண்டு ஆறுகள்

பொம்மையார்பாளையத்தில் மலை கிடையாது. ஊரின் கிழக்கே வங்கக் கடல். மேற்கே, மழைநீர் அறுத்துச் சென்ற செம்மண் பள்ளங்கள். எங்கள் விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகள் மலை என்றால் செஞ்சியைத்தான் சுட்டுவர். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை அரணாகக் கொண்ட அக்கோட்டைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் ஒரு கேள்வி தவறாமல் எழும். செங்குத்தாக நிற்கும் பாறையைக் காட்டி, “ஐயா, படியே இல்லாமல் இப்படிப்பட்ட இடங்களில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்களா?” என்பார்கள். “இருக்கிறார்கள்” என்பேன். அவர்களுள் நம் கடற்கரைக்கு அணுக்கமான ஒருவரின் பெயரையும் சேர்த்தே சொல்வேன்: மல்லி மஸ்தான் பாபு.

ஆந்திர மாநிலம் நெல்லூர் மாவட்டத்தில், வடபெண்ணை ஆறு பாயும் சங்கம் பகுதியில் காந்தி ஜன சங்கம் என்றொரு சிற்றூர் உண்டு. 1974 செப்டம்பர் 3 அன்று மஸ்தான் பாபு அங்கே பிறந்தார். எங்கள் மாவட்டத்தில் பாயும் தென்பெண்ணையும் அவர் ஊர்ப்பக்கம் பாயும் வடபெண்ணையும் கருநாடகத்து நந்திமலைப் பகுதியில் தோன்றி, வங்கக் கடலில் கலப்பவை. எளிய குடும்பத்துப் பிள்ளையாகிய அவர் கோருகொண்டா சைனிக் பள்ளியில் பயின்றார். பின்னர் ஜாம்ஷெட்பூரில் பொறியியலும், கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதுகலைப் படிப்பும், கல்கத்தா இந்திய மேலாண்மைக் கழகத்தில் மேலாண்மையும் கற்றார். உயர்ந்த ஊதியம் தரும் பணிகள் அவருக்கு எளிதில் கிடைத்திருக்கும். அவர் தேர்ந்ததோ மலைகளை.

172 நாள்கள்

ஏழு கண்டங்களிலும் உள்ள மிக உயர்ந்த சிகரங்களில் ஏறுவது மலையேறுவோர் பலரின் வாழ்நாள் கனவு. 2006ஆம் ஆண்டு மஸ்தான் பாபு அக்கனவை 172 நாள்களில் நிறைவேற்றினார். சனவரி 19 அன்று அண்டார்க்டிகாவின் வின்சன். பிப்ரவரி 17 அன்று தென் அமெரிக்காவின் அக்கோன்காகுவா. மார்ச் 15 அன்று ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ. ஏப்ரல் 1 அன்று ஆஸ்திரேலியாவின் கோசியஸ்கோ. மே 21 அன்று ஆசியாவின் எவரெஸ்ட். சூன் 13 அன்று ஐரோப்பாவின் எல்பிரஸ். சூலை 10 அன்று வட அமெரிக்காவின் தெனாலி. நாள்காட்டியை எடுத்துப் பார்த்தால் மற்றொரு செய்தியும் புலப்படும். ஏழு சிகரங்களையும் அவர் வாரத்தின் ஏழு வெவ்வேறு கிழமைகளில் தொட்டிருக்கிறார்.

இவ்வேட்கை அவருக்கு எங்கிருந்து வந்தது? விடை அவர் பயின்ற பள்ளி வளாகத்தில் இருக்கிறது. 1985ஆம் ஆண்டு இந்தியத் தரைப்படைக் குழு ஒன்று எவரெஸ்டில் ஏற முயன்றது. அக்டோபர் மாதத்தில் அக்குழுவினர் ஐவர் உயிரிழந்தனர். ஒருவர் தவறி விழுந்தார். நால்வர் சிகரத்திற்குக் கீழே உள்ள தென் கணவாயில் புயலில் சிக்கி மாண்டனர். அந்நால்வருள் ஒருவர் லெப்டினன்ட் உதய பாஸ்கர ராவ்; கோருகொண்டா பள்ளியின் முன்னாள் மாணவர். பள்ளி அவருக்குச் சிலை வைத்தது. அச்சிலையைக் கண்டு வளர்ந்த சிறுவர்களுள் ஒருவர்தாம் மஸ்தான் பாபு. மலையில் மாண்ட ஒருவரின் நினைவே மற்றொருவரை மலையை நோக்கி நடக்கச் செய்தது.

திரும்பாத நாள்

2015 மார்ச் 24 அன்று, அர்ஜென்டினா, சிலி நாடுகளின் எல்லையில் ஆண்டிஸ் மலைத்தொடரில் உள்ள டிரெஸ் குரூசெஸ் சூர் என்னும் சிகரத்தை நோக்கி அவர் தனியாகப் புறப்பட்டார். அதன் உயரம் 6,748 மீட்டர். 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியே. அதற்கு மேல் ஒவ்வோர் அடியும் மூச்சுக்குப் போராடி வைக்க வேண்டிய அடி. வானிலை மாறினால் மீளும் வழியும் அரிது. அவர் திரும்பவில்லை.

அதன் பின் நிகழ்ந்ததை மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அவரோடு படித்தவர்கள், உடன் ஏறியவர்கள், அவரை நேரில் கண்டிராத பிறநாட்டு மலையேறிகள் எனப் பலரும் ஒன்று திரண்டனர். இந்தியாவில் இருந்தவர்கள் அரசுகளின் கதவைத் தட்டினர், ஆண்டிஸ் பகுதியில் இருந்தவர்கள் மலையில் தேடினர், ஹெலிகாப்டர்களும் தேடின. ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் அவர் உடல் கண்டறியப்பட்டது. அவ்வளவு உயரத்திலிருந்து உடலைக் கீழே கொணர்வது எளிய செயல் அன்று; தூக்கி வருவோரின் உயிருக்கும் அது அறைகூவல். எனினும் கொணர்ந்தனர். ஏப்ரல் மாத இறுதியில் கடல்களைக் கடந்து அவர் உடல் சொந்த ஊர் வந்து சேர்ந்தது. அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடைபெற்றது. அப்போது அவருக்கு வயது 40.

இச்செய்தி கடலோர மக்களுக்குப் புதிதன்று. படகு ஒன்று குறித்த நேரத்தில் கரை திரும்பாவிட்டால், எங்கள் பகுதியில் மற்றவர்கள் தம் தொழிலை நிறுத்திவிட்டுத் தேடச் செல்வார்கள். வலையில் என்ன விழுந்தது என்ற கணக்கு அன்று யாருக்கும் இல்லை. கரையில் பெண்கள் கூடி நிற்பார்கள். ஒவ்வொரு படகின் தலைப்பும் தெரியத் தெரிய, எழுந்து பார்த்து அமர்வார்கள். மலையேறுவோரின் துயரத்தை எங்கள் மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் அதை அறிவார்கள்.

ஒரு மாணவியின் கேள்வி

ஒருநாள் வகுப்பில் கையறுநிலை என்னும் துறையை விளக்கிக்கொண்டிருந்தேன். தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று நின்று வருந்துவதைப் பாடுவது அது. இக்காலத்துச் சான்றாக மஸ்தான் பாபுவின் மறைவைச் சொன்னேன். பள்ளியில் இருந்த சிலையைப் பற்றியும் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். அவள் தந்தை கடலுக்குச் சென்று திரும்பாதவர். உடலும் கிடைக்கவில்லை என்பதை வகுப்பே அறியும்.

“ஐயா, ஒருவர் இறந்தார். அவருக்குச் சிலை வைத்தார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் போனார், அவரும் இறந்தார். இவருக்கும் சிலை வைத்தால் அதைப் பார்த்து மூன்றாவதாக ஒருவர் போவார் அல்லவா? போகிறவரைத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். வீட்டில் இருக்கிறவர்களை யார் ஐயா நினைக்கிறார்கள்?”

வகுப்பு அமைதியாயிற்று. “நல்ல கேள்வி அம்மா. உடனே விடை சொன்னால் அது பொய்யாகிவிடும்” என்று கூறி அமர வைத்தேன். அவள் கேட்டவை இரண்டு கேள்விகள். நினைவுச்சின்னம் மேலும் உயிர்களைப் பறிக்காதா என்பது ஒன்று. எஞ்சியிருப்போர்க்கு நினைவுகூர்தலால் யாது பயன் என்பது மற்றொன்று. இரண்டாம் கேள்விக்கு இமயமலை விடை வைத்திருக்கிறது.

பதினாறு பெயர்கள்

2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் அடிவாரத்தை அடுத்த கும்பு பனியருவிப் பகுதியில் பனிப்பாறைச் சரிவு ஏற்பட்டு 16 பேர் உயிரிழந்தனர். சிகரம் தொட்டுப் புகழ் பெற வந்தவர்கள் அல்லர் அவர்கள். பிறர் ஏறுவதற்காகச் சுமை தூக்கியும் வழி அமைத்தும் உழைத்த நேபாளத் தொழிலாளர்கள். மூவரின் உடல்கள் கிடைக்கவில்லை. இறந்தவரின் குடும்பத்திற்கு உடனடி உதவியாக அரசு முதலில் அறிவித்தது 40,000 நேபாள ரூபாய். உடன் உழைத்தோரின் துயரம் சினமாக மாறியது. அந்தப் பருவத்தில் இனி ஏறமாட்டோம் என்று அவர்கள் மறுத்தனர். இறந்தவர்களை மதித்தும், அவர்தம் மனைவி மக்களுக்கு உரிய இழப்பீட்டையும் காப்பீட்டையும் கேட்டும் அவர்கள் தம் ஓராண்டு ஊதியத்தைத் துறந்தார்கள். பின்னர் மலைத் தொழிலாளர்க்கான கட்டாயக் காப்பீட்டுத் தொகை உயர்த்தப்பட்டது.

இரங்கல் என்பது கண்ணீரோடு முடிவதன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இறந்தவரின் இல்லத்து அடுப்பு எரிகிறதா என்று கேட்பதும் இரங்கலின் பகுதியே. வீட்டில் இருப்போரை நினைக்க வேண்டியவர்கள், போனவரோடு தொழில் செய்தவர்களே. அவர்கள் நினைத்தபோது ஓர் அரசே செவிசாய்த்தது.

கல் சொல்லும் உண்மை

இனி முதற்கேள்வி. நம் முன்னோரின் நடுகற்களைப் பார்ப்போம். போரில் பட்ட வீரனுக்குக் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, சிறப்புச் செய்து வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிநிலைகளாகக் கூறுகிறது. செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. அவற்றுள் எடுத்தனூரில் உள்ள மகேந்திரவர்மன் காலத்து நடுகல் குறிப்பிடத்தக்கது. எருமைகளைக் காக்க முயன்று இறந்த ஒருவனுக்கு எடுக்கப்பட்டது அது. கள்வனைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாய்க்கும் அதில் உருவமும் பெயரும் உண்டு; கோவிவன் என்பது அந்நாயின் பெயர். அரசனுக்கு மட்டும் உரியதாக நம் நினைவு இருந்ததில்லை. மேலும், அவன் எவ்வாறு இறந்தான் என்பதைக் கல் மறைக்கவில்லை.

எவரெஸ்ட் அடிவாரத்திற்குச் செல்லும் வழியில் துக்லா என்னும் கணவாயிலும் இத்தகைய கற்குவியல்கள் நிற்கின்றன. மலையில் மாண்டோரின் பெயர்கள் பொறித்து, வண்ண வழிபாட்டுக் கொடிகள் கட்டி வைத்திருக்கிறார்கள். மலையேறச் செல்வோர் அவற்றைக் கடந்தே போகிறார்கள். வாழ்த்தும் எச்சரிக்கையும் அங்கே ஒரே கல்லில் இருக்கின்றன. 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியோடு முதன்முதலாக எவரெஸ்ட் உச்சியை அடைந்த டென்சிங் நார்கே 1986இல் மறைந்தபோது, டார்ஜிலிங்கில் உள்ள இமயமலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் வளாகத்திலேயே எரியூட்டப்பட்டார். அவர் நினைவு நிற்கும் இடம், 1954 முதல் புதியவர்களுக்குப் பாதுகாப்பாக ஏறவும் இறங்கவும் கற்பிக்கும் இடம்.

மலையேறுவோர் செய்யும் மற்றொரு செயலும் உண்டு. அமெரிக்க ஆல்பைன் கழகம் மலை விபத்துகளைத் தொகுத்து 1948 முதல் வெளியிட்டு வருகிறது. எந்த இடம், என்ன வானிலை, எந்த முடிச்சு அவிழ்ந்தது, எப்போது திரும்பியிருக்க வேண்டும் என்பன போன்ற செய்திகள் அதில் இருக்கும். இறந்தவரைப் பழிப்பது அதன் நோக்கம் அன்று. அடுத்து ஏறுபவர் வீடு திரும்ப வேண்டும் என்பதே நோக்கம். புகழை மட்டும் சொல்லும் சிலை மேலும் ஒருவரை இழக்கச் செய்யலாம். இறந்த முறையையும் சொல்லும் கல் ஒருவரைக் காக்கும். அந்த மாணவிக்கு மறுவாரம் நான் சொன்ன விடை இதுவே. “அப்படியென்றால் கடலுக்கும் ஒரு கணக்குப் புத்தகம் வேண்டும் ஐயா” என்றாள் அவள். அவ்வாண்டு அவளும் தோழியரும் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, எந்தக் காற்றில், எந்த மாதத்தில், எந்த இடத்தில் படகுகள் கவிழ்ந்தன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதினர். முதற்பக்கத்தில் அவள் தந்தையின் பெயர் இருந்தது.

பிடித்திருக்கும் கை

மலையேறுவோரின் கயிற்றைப் பற்றிப் பலர் தவறாக எண்ணியுள்ளனர். பாறையில் ஏறுகிறவரை அக்கயிறு மேலே தூக்குவதில்லை. அவர் தம் கைகாலின் வலிமையால் ஏறுகிறார். கயிறு, அவர் தவறினால் தாங்குவதற்காக. தாங்க வேண்டுமென்றால் கயிற்றின் மறுமுனையில் ஒருவர் விழிப்போடு பிடித்திருக்க வேண்டும். ஏறுபவரின் கண் பாறைமேல் இருக்கும். பிடித்திருப்பவரின் கண் ஏறுபவர்மேல் இருக்கும். கடலோடிகள் படகைக் கட்டப் பயன்படுத்தும் முடிச்சு வகை ஒன்றை மலையேறுவோரும் நெடுங்காலமாக இடுப்பில் கட்டி வந்திருக்கிறார்கள். கடலிலும் மலையிலும் மனிதன் நம்பியது கயிற்றை மட்டும் அன்று. மறுமுனையில் உள்ள மனிதனையும்.

தனியே ஏறிய மஸ்தான் பாபுவின் இறுதிப் பயணத்தில் அவரோடு கயிற்றைப் பகிர்ந்தவர் எவரும் இல்லை. ஆயினும் அவர் திரும்பவில்லை என்று தெரிந்த நாளில், இரண்டு கண்டங்களிலிருந்து எத்தனை கைகள் நீண்டன! உயிரைத் தாங்க அவற்றால் இயலவில்லை; உடலைத் தாயகம் சேர்க்க இயன்றது. கையறுநிலை என்பது கைகள் செயலற்றுப்போகும் நிலை. அந்நிலையிலும் பிடியை விடாதிருப்பவர்களே நினைவுகூர்வோர். தேடிச் சென்று கொணர்வதும், இல்லத்தாருக்கு உரியதைக் கேட்டுப் பெறுவதும், நடந்ததை நடந்தவாறே எழுதி வைப்பதும் அவர்கள் பணி. அப்பணி நடக்கும்வரை கயிறு அறுந்ததாகப் பொருளில்லை.